காணாக்கடி

ஒவ்வாமைப் பிரிவில் முதுகைக் காலையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். இந்திராணி சீக்கிரமே வந்து வரிசையில் நின்று ஒப்படைத்தாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த சிஸ்டர் புஷ்பலீலா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மச்சம் இருக்குன்னு சொல்லவே இல்லையே?"

"எனக்கே தெரியாது சிஸ்டர். நான் பார்த்ததில்ல."

"சரி, போய் உக்காருங்க. சாயாதீங்க."

சாய்வதற்கு ஒன்றுமில்லை. நடைக்கூடத்தில் போட்டிருந்தவை எல்லாம் முக்காலிகள். முதுகு இல்லாதவர்கள் அவற்றில் வரிசையாக, நேராக உட்கார்ந்திருந்தார்கள். இந்திராணியும் போய் உட்கார்ந்தாள். கூட வந்திருந்த மகள் அகல்யா பக்கத்தில் நின்றாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல. காத்தடிக்கிற மாதிரி இருக்கு."

அகல்யா தன் துப்பட்டாவை எடுத்து அம்மாவின் பின்பக்கம் போர்த்திவிட்டாள். அது நிற்காமல் நழுவிக் கீழே விழுந்தது.

இந்திராணி திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தாள். வீட்டில் அவளும் அகல்யாவும் மட்டும்தான். புருஷன் வேலைக்கென்று சூரத் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். நான்கு மாதமாக இந்திராணிக்கு ஒவ்வொரு சாயங்காலமும் உடம்பெல்லாம் தடித்தது. கம்பளிப்பூச்சி ஊர்ந்து போன மாதிரி சிவப்புச் சிவப்பாக எழும்பும். விடிந்தால் சுவடே இருக்காது. ஊரில் இதைக் காணாக்கடி என்பார்கள். கடித்தது எது என்று யாரும் கண்டதில்லை, கடி மட்டும் தெரியும். போன மாதம் ஒரு நாள் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோகும்படி ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அரிப்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வாரமும் அவள் தூங்கவில்லை.

டாக்டர் ரெங்கநாயகி வந்தார். சட்டைப் பையில் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன அளவுகோல் இருந்தது. உட்காருவதற்கு முன் முக்காலியை அதால் அளந்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"முதுகுல பேனாவால கட்டம் போட்டிருக்கோம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு பொருள், ஒரே ஒரு சொட்டு. அதுமேல ஊசியால லேசா கீறுவோம். ரத்தம் வராது. கால் மணி நேரம் கழிச்சு எது எழும்பியிருக்குன்னு அளப்போம். முதல் கட்டம் வெறும் உப்புத்தண்ணி. அது எழும்பக்கூடாது. கடைசிக் கட்டம், யாருக்கு வச்சாலும் எழும்புற மருந்து. அது எழும்பணும்."

"நடுவுல இருக்கறதெல்லாம்?"

"அது உங்க வாழ்க்கை."

டாக்டர் சன்னல் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், பொருள் எல்லாம் வந்துருச்சா?"

"தூசி, பஞ்சு, கரப்பான்பூச்சி, கடலை, இறால், கத்தரிக்கா எல்லாம் ஸ்டாக் இருக்கு டாக்டர். வீட்டு ஆளுங்கதான் பாக்கி."

வீட்டு ஆட்களையும் வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். புருஷன் நேரில் வர முடியாதவர்கள் சட்டையைக் கொண்டுவர வேண்டும். இந்திராணி ஒரு நீலச் சட்டை கொண்டுவந்திருந்தாள். புஷ்பலீலா அதை முறுக்கிப் பிழிந்தாள். வெகு நேரம் எதுவும் வரவில்லை. கடைசியில் ஒரு சொட்டு வந்தது. அதை ஒரு தட்டில் பிடித்து மூடி வைத்தாள்.

பிறகு ஒரு சின்னக் குப்பியை அகல்யாவின் வாயருகே நீட்டினாள்.

"இதுக்குள்ள அம்மாவைக் கூப்பிடும்மா."

"எதுக்கு?"

"சும்மா கூப்பிடு. வீட்டுல எப்படிக் கூப்பிடுவியோ, அப்படி."

அகல்யா குப்பிக்குள் "அம்மா" என்றாள். புஷ்பலீலா சட்டென்று மூடியைத் திருகினாள். குப்பியின் அடியில் ஏதோ மின்னியது.

உள் அறையின் கதவு சாத்தப்பட்டது. இந்திராணி நடைக்கூடத்தில் இருந்தபடியே ஒவ்வொரு கீறலையும் உணர்ந்தாள். தூசியை அவளால் கண்டுபிடிக்க முடிந்தது. கடலையையும் கண்டுபிடித்தாள். புருஷனை வைத்தபோது ஊசி மட்டும் தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை. அடுத்து வைத்தது வெதுவெதுப்பாக இருந்தது. அவள் மகளைப் பார்த்தாள். அகல்யா சுவரில் ஒட்டியிருந்த இறால் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் மணி நேரம் ஆரம்பிச்சிருச்சுங்களா?" என்று இந்திராணி கேட்டாள்.

பக்கத்து முக்காலியில் இருந்த பெரியவர் பதில் சொன்னார். "இன்னும் இல்லம்மா. மேல் மாடியிலேர்ந்து வரணும். லிஃப்ட்ல கூட்டமாம்."

அவர் பெயர் நாகலிங்கம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் செவ்வாய்க்கிழமை ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். இன்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள்.

"எது வரைக்கும் தாங்குதோ அது வரைக்கும் குடுப்பாங்க. எப்ப தடிக்குதோ அப்ப நிறுத்திருவாங்க. அதுக்கு முந்தின அளவுதான் நமக்கு. அப்புறம் ஆயுசுக்கும் மாத்த முடியாது" என்றார். "போன தடவை ஒருத்தர் தன் தம்பியை நூத்துல ஒரு பங்காத்தான் கூட்டிட்டுப் போனாரு. தம்பியோட தும்மல் மட்டும்தான் வந்துச்சாம். வீட்டுல எங்கயாவது ஒரு மூலையில தும்மிக்கிட்டே இருக்காராம்."

கால் மணி நேரம் வந்து சேர்ந்தது. இரண்டு பேர் ஒரு தள்ளுவண்டியில் வைத்துப் பச்சைத் துணியால் மூடி அதைக் கொண்டுவந்தார்கள். இடம் போதவில்லை. நடைக்கூடம் கொஞ்சம் நீண்டுகொடுத்தது. கழிப்பறை தூரமாகப் போய்விட்டது. துணியை எடுத்தார்கள். எல்லாரும் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

இந்திராணிக்கு அரித்தது. அரிப்பு அடுத்த அறையில் இருந்தது. கை இங்கே இருந்தது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கால் மணி நேரம் தீர்ந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"உப்புத்தண்ணி எழும்பல. மருந்து எழும்பியிருக்கு. சோதனை சரியா நடந்திருக்குன்னு அர்த்தம். கரப்பான் லேசா. கடலை இல்ல, பஞ்சு இல்ல. நீங்க மில் வேலையை விட வேண்டியதில்ல. உங்க வீட்டுக்காரர் கட்டத்துல ஒண்ணுமே இல்ல. கீறின இடத்தையே தேட வேண்டியிருக்கு."

"அப்புறம்?"

"மகள் பதினொரு மில்லிமீட்டர். தடிப்புக்குக் கால் முளைச்சு ஓரமெல்லாம் படர்ந்திருக்கு."

இந்திராணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் உயர்ந்தது. "தப்பா இருக்கும் டாக்டர். கட்டம் மாறியிருக்கும். பெத்த புள்ளை எப்படி ஒத்துக்காமப் போகும்?"

"இருக்கலாம். தோல் எழும்பினா ஒத்துக்காதுன்னு நேரா அர்த்தம் பண்ணிக்கக்கூடாது. உங்க தோலுக்கு அவளைத் தெரியுது, அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியும். நேர்ல குடுத்துப் பார்த்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். ஆனா தடிப்பு எப்பவும் சாயங்காலம்தான் வருதுன்னு சொல்றீங்க. அவ காலேஜ்ல இருந்து எப்ப வருவா?"

இந்திராணி திரும்பிப் பார்த்தாள். அகல்யா நின்ற இடத்தில் அவள் இல்லை. துப்பட்டா மட்டும் தரையில் கிடந்தது.

"எங்க எம் பொண்ணு?"

"கரைக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஒவ்வாத பொருளை முழுசா வார்டுக்குள்ள விடமாட்டோம். பயப்படாதீங்க. வலிக்காது. கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்."

இந்திராணி எழுந்திருக்கப் பார்த்தாள். முதுகு இல்லாமல் வேகமாக எழுந்திருக்க முடியாது. எழுந்தவள் மறுபடி முக்காலியிலேயே விழுந்தாள்.

"திருப்பிக் கொண்டாங்க! நான் சோதனைக்கே வரல. எனக்குத் தடிச்சாத் தடிச்சுட்டுப் போகுது."

"கரைச்சாச்சும்மா. இனிமே துளித்துளியாத்தான் சேர்க்க முடியும்" என்றார் டாக்டர். அவர் கையில் ஓர் ஊசி இருந்தது. "தொண்டை அடைச்சா இதைத் தொடையில போடுவேன். போட்டா சோதனை அத்தோட முடிஞ்சுது. மூச்சு ஒரு மாதிரியா இருந்தா உடனே சொல்லணும். மறைக்கக்கூடாது."

"மறைக்க மாட்டேன்."

"மறைக்கவும் முடியாது. முதுகு எங்ககிட்டதான் இருக்கு."

முதல் அளவாக வந்தது வாசனை. அகல்யா தலைக்குப் போடும் ஷாம்பு வாசனை. நடைக்கூடத்தின் மறு கோடியிலிருந்து அது மெதுவாக வந்து இந்திராணியின் மடியில் உட்கார்ந்தது. அடுத்த கால் மணி நேரத்தைக் கொண்டுவந்தார்கள். புஷ்பலீலா சன்னல் வழியாக, "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள்.

இரண்டாவது அளவு செருப்புச் சத்தம். குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள். எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாள். சத்தம் மட்டும் முக்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. இந்திராணியின் கண் நிறைந்தது.

"இது ஒவ்வாமையா, அழுகையா?" என்று கேட்டார் டாக்டர்.

"அழுகை."

டாக்டர் கண்ணீரை அளவுகோலால் அளந்து பார்த்து, விட்டுவிட்டார்.

மூன்றாவது அளவு குரல். "சார்ஜர் எங்கம்மா?" என்று கேட்டது. "டிவி பின்னாடி பாருடி" என்றாள் இந்திராணி, யோசிக்காமல். சொல்லும்போதே தொண்டையில் ஏதோ கிள்ளியது. அவள் எச்சிலை விழுங்கினாள்.

"ரெண்டு இடத்துல சிவக்குது டாக்டர்" என்றாள் புஷ்பலீலா.

"தடிப்பா, சிவப்பா?"

"சிவப்புதான்."

"சரி, தொடரலாம்."

அதற்குள் நாகலிங்கத்தின் முறை முடிந்துவிட்டது. அவருக்கு முகம் வீங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் தாங்கினார். அதற்கு மேல் முடியவில்லை. இனி அவர் ஒவ்வொரு செவ்வாயும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நேராகப் புதன்கிழமைக்குப் போய்விட வேண்டும்.

"பாதி கிடைச்சுதே, நல்லதுதானே ஐயா" என்றாள் இந்திராணி.

"எம் பொண்ணு துபாய்ல இருக்காம்மா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் போன் பண்ணுவா. அவளுக்கு அன்னிக்குத்தான் லீவு."

அவர் தன் முதுகை வாங்கி மாட்டிக்கொண்டு போனார்.

நான்காவது அளவு பாதி அகல்யா. சுடிதார் தெரிந்தது. அதன் வழியாகச் சுவரும், சுவரில் இருந்த இறால் படமும் தெரிந்தன. அவள் எதிரே வந்து நின்று அம்மாவைப் பார்த்தாள். சிரித்த மாதிரி இருந்தது. இந்திராணி கையை நீட்டினாள். கை பனியில் போவது மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. மணிக்கட்டில் ஒரு தடிப்பு எழும்பத் தொடங்கியது. அவள் அதைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

"டாக்டர், நாலு இடத்துல எழும்புது" என்றாள் புஷ்பலீலா.

"எவ்வளவு?"

"ரெண்டு மில்லிமீட்டர்."

டாக்டர் முக்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தணிந்தது. "இத்தோட நிறுத்திக்கலாம். பாதி நல்ல அளவும்மா. நிறையக் குடும்பம் பாதியோடதான் இருக்காங்க. சண்டை சச்சரவு இருக்காது. சாப்பாட்டுச் செலவும் பாதி."

"எனக்கு முழுசா வேணும்."

"முக்கால் பங்குலேர்ந்து கோபமும் சேர்ந்து வரும். உங்களால தாங்க முடியாது."

"அவ கோபப்படலேன்னா அது அவளே இல்ல டாக்டர். குடுங்க."

டாக்டர் ஊசியின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார். தலையசைத்தார்.

முக்கால் அகல்யா வந்தாள். சுவர் மறைந்தது. இறாலின் மீசை மட்டும் அவள் தோள் வழியாக மங்கலாகத் தெரிந்தது.

"உனக்கு அறிவிருக்காம்மா?" என்றாள். "மூஞ்சி எப்படி வீங்கியிருக்கு பாரு. பாதியோட நிறுத்துன்னு சொன்னாங்கல்ல? ஒத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

"எந்தப் பாதியைடி விட்டுட்டுப் போகச் சொல்ற?" என்று கேட்க நினைத்தாள் இந்திராணி. உதடு தடித்துப் போயிருந்ததால் வார்த்தை வரவில்லை. மூச்சு விசில் அடித்தது. நடைக்கூடம் நீண்டது. மற்றவர்களின் முக்காலிகள் தூரம் தூரமாக விலகிப் போயின.

"ஏழாச்சு டாக்டர்! எட்டு! எல்லாக் கட்டமும் எழும்புது, உப்புத்தண்ணியும் சேர்த்து!"

டாக்டர் எழுந்தார். ஊசியை ஓங்கினார். இந்திராணி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அகல்யா உள் அறையின் சாத்திய கதவைப் பார்த்தாள். முக்கால் பங்கு ஆளுக்குக் கதவுகள் அவ்வளவு கெட்டியாக இருப்பதில்லை. அவள் தோளைச் சாய்த்து, பக்கவாட்டில் நுழைந்து, உள்ளே போய்விட்டாள்.

"யாரும்மா அது, உள்ள வரக்கூடாது!" என்று புஷ்பலீலா கத்துவது கேட்டது.

பிறகு சத்தம் இல்லை.

இந்திராணி முதலில் உணர்ந்தது ஊதுவதை. யாரோ குனிந்து, சூடாக இருக்கும் பாலை ஆற்றுகிற மாதிரி, அவள் முதுகில் ஊதினார்கள். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கட்டமாக. ஈரமான, குளிர்ந்த காற்று. எரிச்சல் நின்றது. பிறகு ஓர் உள்ளங்கை வந்து படிந்தது. தன் கட்டம் எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் அழுத்தி நின்றது, எடுக்கவில்லை. இந்திராணி கண்ணை மூடினாள். தொண்டை ஒரு நூல் அளவு திறந்தது. பிறகு இரண்டு நூல் அளவு.

ஓங்கிய ஊசியோடு டாக்டர் அப்படியே நின்றார்.

"இறங்குது டாக்டர்" என்றாள் புஷ்பலீலா, சன்னலுக்கு அப்பாலிருந்து. குரலில் கோபம் இல்லை. "அஞ்சு. நாலு."

"மிச்சத்தையும் ஊத்துங்க" என்றார் டாக்டர்.

குப்பியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. கடைசிக் கால் மணி நேரத்தைக் கொண்டுவந்தார்கள். அது மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது. வண்டியின் சக்கரம் ஒன்று கோணிக்கொண்டு கிறீச்சிட்டது. இந்திராணி மூச்சை எண்ணாமல் இருக்கப் பார்த்தாள். உள்ளங்கை அவள் முதுகில் இருந்தது. இப்போது அதற்கு முழு எடை இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் டாக்டர் உள்ளே போனார். அளவுகோல் எதன் மீதோ படும் சின்னச் சத்தம் கேட்டது. வெளியே வந்தார்.

"மூணு மில்லிமீட்டருக்குக் கீழே. அது கணக்குல வராது. கூட்டிட்டுப் போகலாம்."

கதவைத் திறந்துகொண்டு அகல்யா வந்தாள். இந்த முறை கதவைத் திறக்க வேண்டியிருந்தது. அவள் வழியாக எதுவும் தெரியவில்லை. இறால் படம் முழுதாக மறைந்தது. குனிந்து தரையில் கிடந்த துப்பட்டாவை எடுத்து உதறினாள்.

"போலாமா? பசிக்குது."

"போலாம்டி" என்றாள் இந்திராணி. வார்த்தை சரியாக வந்தது.

முதுகைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டபோது கொஞ்சம் இடப்பக்கம் கோணியிருந்தது. இரண்டு நாளில் படிந்துவிடும் என்றாள் புஷ்பலீலா. பேனாக் கோடுகள் குளித்தால் போய்விடும். பிறகு அகல்யாவைப் பார்த்தாள்.

"நீயும் முதுகைக் குடுத்துட்டுப் போயேன்மா. உங்க அம்மாவை வச்சு ஒரு தடவை பார்த்துரலாம். வந்தது வந்துட்டீங்க."

"வேண்டாம்" என்றாள் அகல்யா.

"ஒரு சொட்டுதான். ரத்தம் வராது."

"வேண்டாம் சிஸ்டர். எனக்கு ஒண்ணுமில்ல."

நடைக்கூடம் பழைய நீளத்துக்கு வந்திருந்தது. இருவரும் சீக்கிரமே வாசலுக்கு வந்துவிட்டார்கள். பின்னால் புஷ்பலீலா அடுத்த முதுகைக் கூப்பிட்டாள். வெளியே வெயில் அடித்தது. பஸ் நிறுத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

அகல்யா கேட்டுக்கு அருகே நின்று, வலது உள்ளங்கையைக் கம்பியில் வைத்துத் தேய்த்தாள். மெதுவாகத் தேய்த்தாள், பிறகு வேகமாகத் தேய்த்தாள்.

"என்னடி கையில?"

"ஒண்ணுமில்லம்மா. கொசு."

அவள் கையை மூடுவதற்குள் இந்திராணி பார்த்துவிட்டாள். உள்ளங்கை முழுக்கத் தடித்திருந்தது. தடிப்புக்குக் கால் முளைத்திருந்தது.

லாரிகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி வந்தது. ரோட்டைக் கடக்கும்போது இந்திராணி எப்போதும் மகளின் கையைப் பிடித்துக்கொள்வாள். காலேஜ் போகிற பெண்ணை இப்படிப் பிடிக்கிறாயே என்று அகல்யா திட்டுவாள். இப்போதும் இந்திராணியின் கை போனது. பாதி வழியில் நின்றது. பிறகு மகளின் துப்பட்டா நுனியை எட்டிப் பிடித்தது.

அகல்யா அதைப் பார்த்தாள். துணி இறுகாமலும் தொய்யாமலும் இருக்கும்படி, இருவரும் ஒரே வேகத்தில் நடந்து ரோட்டைக் கடந்தார்கள்.